கடிகாரமும் கடல்வழியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பும் கம்பனும் முழங்கக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இன்று சற்று வறண்ட பொருள் ஒன்றை இட வந்திருக்கிறோம். நாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, நாகைக் கடற்கரையிலிருந்து பிழைப்புத் தேடி இப்பெங்களூர் மாநகருக்கு வந்து, புகைவண்டிச் சரக்கு நிலையம் ஒன்றில் இருபதாண்டுகளாகப் பேரேடு எழுதி வருகிறோம். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று செயலாளர் பணித்தார். நமக்குத் தெரிந்தது மணி பார்த்து எழுதுவது ஒன்றே. ஆதலின் கடிகாரத்தைப் பற்றியும், அது கடலில் வழிகாட்டியாக விளங்கிய விதத்தைப் பற்றியும் சில சொல்லத் துணிகிறோம். சரக்கு எழுத்தருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சரக்கு வண்டி வந்து நின்ற மணியும், வணிகர் சரக்கை இறக்கி முடித்த மணியும் எமது ஏட்டில் எழுதப்படும். இறக்குவதற்கு இத்தனை மணி நேரம் என்று கட்டணமில்லாமல் விடுவார்கள். அதைத் தாண்டினால் டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் விழும். ஒரு நிமிடம் தாண்டினாலும் ஒரு மணி நேரத்துக்கான தொகை. நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் மாலை ஐந்து மணியோடு ஒரு வணிகரின் தவணை முடிந்தது. அவர் மூட்டைகளை இறக்கி முடித்துக் கையெழுத்திட வந்தபோது எமது சுவர்க் கடிகாரம் ஐந்து மணி இரண்டு நிமிடம் காட்டிற்று. அவருடைய கைக்கடிகாரமோ நான்கு ஐம்பத்தெட்டு. வாய்ச்சண்டை முற்றியது. கன்ட்ரோல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி மணி கேட்டோம். எமது கடிகாரமே நான்கு நிமிடம் வேகமாக ஓடியிருந்தது தெரிந்தது.

மேலதிகாரி அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார். வழக்கு அத்தோடு முடிந்ததா? இல்லை. அவ்வணிகர் அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இக்கடிகாரம் எந்நாள் முதல் இவ்வாறு ஓடுகிறது? போன மாதம் எம்மிடம் வாங்கிய பணம் சரியான மணிக்கு வாங்கியதா?" எமக்கு விடை தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு நிமிடம் முந்துகிறது என்று யாரேனும் குறித்து வைத்திருந்தால், பழைய பக்கங்களையெல்லாம் கணக்கிட்டுத் திருத்தியிருக்கலாம். ஒருவரும் குறிக்கவில்லை. கடிகாரம் பிழையாக ஓடியது பெரிய குற்றமன்று. எவ்வளவு பிழை என்பதை நாம் அறியாமல் இருந்ததே குற்றம். ஒரு மாதத்து ஏடு முழுவதும் அன்று எம் கண்ணுக்குப் பொய்யாகிப் போயிற்று. அன்று முதல் கடிகாரங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கலானோம். அப்படிப் படித்தபோதுதான், இதே கேள்வியில் கப்பல் கப்பலாக மனிதர் மடிந்திருக்கிறார்கள் என்பது தெரியவந்தது.

நிலத்தில் வழி தவறினால் கேட்பதற்கு ஆள் உண்டு. மைல் கல் உண்டு. நடுக்கடலில் எத்திசை நோக்கினும் நீரே. அங்கே நாம் எவ்விடத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்ல இரண்டு எண்கள் தேவை. வடக்கு தெற்காக எவ்வளவு என்பது ஒன்று, அதுவே அட்சரேகை. கிழக்கு மேற்காக எவ்வளவு என்பது மற்றொன்று, அது தீர்க்கரேகை. முதலாவது எளிது. துருவ மீன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் தோன்றுகிறதோ அதுவே ஏறத்தாழ அட்சரேகை. சோழமண்டலக் கரையோடிகள் இராப்பலகை என்னும் சிறு மரத்துண்டையும் அதில் கோத்த முடிச்சுக் கயிற்றையும் கொண்டே இதை அளந்தார்கள். கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டி, அதன் கீழ்விளிம்பு அடிவானத்திலும் மேல்விளிம்பு துருவ மீனிலும் படுகிறதா என்று பார்ப்பார்கள். இன்ன முடிச்சு இன்ன துறைமுகத்துக்கு உரியது என்பது அவர்களுக்குப் பாடம்.

இரண்டாவது எண்ணில்தான் இடர்ப்பாடு. அதை விளக்க நம் ஊர்களே போதும். சென்னையும் பெங்களூரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், பதின்மூன்றாம் பாகையை ஒட்டி உள்ளன. இராப்பலகையை இரண்டு ஊரிலும் பிடித்தால் ஒரே முடிச்சுத்தான் வரும். வானத்து மீன்களும் ஒரே உயரத்தில்தான் வலம் வரும். ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டு வந்து இங்கே இறக்கி, மீனின் உயரத்தை மட்டும் அளக்கச் சொன்னால், தாம் மயிலாப்பூரில் நிற்கிறோமா மல்லேசுவரத்தில் நிற்கிறோமா என்று அவரால் சொல்ல இயலாது. (குளிரைக் கொண்டு சொல்லிவிடுவார் என்று முன்வரிசையில் ஒருவர் சொல்கிறார். அதுவும் சரியே!)

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் கதிரவன் உச்சியைத் தொட்டு ஏறத்தாழப் பத்தரை நிமிடம் கழித்தே பெங்களூரில் உச்சிக்கு வருகிறான். பூமி ஒரு நாளில் 360 பாகை சுழல்கிறது. ஒரு மணிக்கு 15 பாகை. நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை. நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகைக்கு ஆறு பாகை. எனவே சென்னை மணியைக் காட்டும் கடிகாரம் ஒன்று கையில் இருந்து, இங்கே உச்சிப்பொழுது எப்போது என்று வானத்தைப் பார்த்து அறிந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இவ்வூர் சென்னைக்கு மேற்கே எவ்வளவு தொலைவு என்பதைச் சொல்லிவிடும். தீர்க்கரேகை என்பது வேறொன்றுமில்லை. இரண்டு ஊர் மணிகளுக்கு இடையிலுள்ள வேறுபாடுதான்.

கேட்பதற்கு எளிது. ஆனால் அலையில் புரளும் கப்பலில், வெயிலிலும் குளிரிலும் மாதக்கணக்கில், புறப்பட்ட ஊரின் மணியை மாறாமல் காட்டும் கடிகாரத்துக்கு எங்கே போவது? பாசறையில் நாழிகைக் கணக்கர் வட்டில் வைத்துப் பொழுது அளந்ததை முல்லைப்பாட்டு சொல்கிறது. அவ்வட்டிலைத் தோணியில் வைத்தால் நீர் ததும்பிக் கணக்குக் கெடும். ஊசல் கடிகாரமும் அப்படியே. கப்பல் ஆடினால் ஊசல் ஆட்டம் குலையும். பிழையின் விலையையும் பாருங்கள். நமது அட்சரேகையில் ஒரு வினாடிப் பிழை ஏறத்தாழ 450 மீட்டர் தொலைவுக்குச் சமம். நாளுக்கு ஒரு வினாடி பிசகும் கடிகாரம் இரண்டு மாதப் பயணத்தில் 27 கிலோமீட்டர் பொய் சொல்லும். இரவில் பாறைக்கரையை நெருங்கும் கப்பலுக்கு அத்துணை பொய் போதும்.

1707-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் போர்க்கப்பல் தொகுதி ஒன்று, தான் எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் கணித்து, சில்லித் தீவுப் பாறைகளில் மோதி நான்கு கப்பல்களை இழந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் மாண்டனர். 1714-இல் ஆங்கிலப் பாராளுமன்றம், கடலில் தீர்க்கரேகையை அறியும் வழி சொல்வோருக்கு இருபதாயிரம் பவுன் வரை பரிசு என்று சட்டம் இயற்றிற்று. பேரறிஞர் பலர் சந்திரனையும் விண்மீன்களையும் நோக்கிக் கணக்கிட்டுக்கொண்டிருக்க, ஜான் ஹாரிசன் என்னும் தச்சர், கல்லூரி வாசலை மிதியாதவர், கடிகாரத்தாலேயே இதைச் செய்து காட்டினார். நம்மைப் போன்ற குறைப்படிப்பாளர்களுக்கு இவர் மீது தனிப்பற்று உண்டாவது இயல்பு. அவருடைய நான்காவது கருவி, உள்ளங்கையில் அடங்காத பெரிய பைக்கடிகாரம் போன்றது. 1761-இல் அது ஜமைக்காத் தீவுக்குக் கப்பலேறியது. எண்பத்தொரு நாள்களுக்குப் பின் அதன் பிழை ஐந்து வினாடி.

இங்கே ஒரு நுட்பம். அது அந்த எண்பத்தொரு நாளும் சரியான மணியைக் காட்டிற்று என்று எண்ணிவிடக்கூடாது. நாள்தோறும் இத்தனை வினாடி பின்தங்கும் என்பது முன்னரே அளந்து அறியப்பட்டிருந்தது. அந்தத் தாமதத்தைக் கழித்துப் பார்த்தபோதுதான் ஐந்து வினாடி என்பது வந்தது. கடிகார வல்லுநர் இதை ஓட்ட வீதம் என்பர். குரோனோமீட்டர் என்னும் கப்பற் காலமானியின் உயிர் இதில்தான் இருக்கிறது. அது வேகமாக ஓடலாம், மெதுவாக ஓடலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் ஓட வேண்டும். அதற்காகவே அதைப் பித்தளை வளையங்களில் தொங்கவிட்டு, கப்பல் சாய்ந்தாலும் முகம் வானத்தை நோக்கியிருக்குமாறு பெட்டியில் அமைத்தார்கள். வெப்பத்தால் சக்கரம் விரியும்போது அதை ஈடுசெய்ய இரண்டு உலோகங்களை ஒட்டிச் சக்கரம் செய்தார்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் சாவி கொடுக்க வேண்டும் என்பது கப்பல் வழக்கம். முள்ளைத் திருப்பி மணியைச் 'சரிசெய்வது' கூடாது. பிழையை ஏட்டில் எழுதிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். எமது சரக்கு அலுவலகத்தில் கண்டவர் கையெல்லாம் முள்ளைத் திருப்பியதை எண்ணிப் பார்த்தோம், வெட்கமாக இருந்தது.

ஒன்றுக்கு மூன்றாகவும் எடுத்துச் செல்வார்கள். இரண்டு மட்டும் இருந்து அவை மாறுபட்டால் பொய் சொல்வது எது என்று அறிய வழியில்லை அல்லவா? டார்வின் பயணம் செய்த பீகிள் என்னும் கப்பல் 1831-இல் புறப்பட்டபோது அதில் இருபத்திரண்டு காலமானிகள் இருந்தன.

சரி, காலமானியின் ஓட்ட வீதத்தை எங்கே அளப்பது? ஆடாத நிலத்தில், விண்மீன்களைக் கண்டு காலத்தைக் கணிக்கும் வானாய்வுக்கூடத்தில்தான். இங்கே நம் சென்னை மேடைக்கு வருகிறது.

1786-இல் வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அலுவலர் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வுக்கூடம் வைத்தார். பின்னர்க் கும்பினியார் அதை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கூவத்தை ஒட்டிக் கட்டடம் எழுப்பினர். அதன் அமைப்பாளர் மைக்கேல் டாப்பிங், சோழமண்டலக் கடற்கரையை அளந்து படம் வரைந்த கடல் அளவையாளர். வானநூல், புவிநூல், கப்பலோட்டம் ஆகிய மூன்றையும் இந்நாட்டில் வளர்ப்பதே கூடத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. மூன்றாவதே கும்பினியாருக்கு மிக அவசரமானது என்று நாம் ஐயமின்றிச் சொல்லலாம்; துறைமுகமற்ற சென்னைக் கரையில் அவர்கள் கப்பல்கள் பட்ட பாடு அப்படி. அளவையாளர்களைப் பழக்க 1794-இல் எட்டுச் சிறுவர்களோடு தொடங்கிய பள்ளியே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி என்பதையும் இங்கு நினைவூட்டுகிறோம். இவ்வவையில் அக்கல்லூரி மாணவர் சிலரேனும் இருப்பீர்கள்.

அக்கூடத்தில் கருவிகளைத் தாங்க ஏறத்தாழப் பத்து டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று நிறுத்தப்பட்டது. அதன்மேல் இலத்தீனும் பிறமொழிகளும் பொறித்ததோடு தமிழிலும் தெலுங்கிலும் பொறித்திருக்கிறார்கள். தூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. புயல் செய்திக்கு நாம் எதிர்நோக்கும் அதே வளாகந்தான். அங்கே ஓடிய ஊசல் கடிகாரம் இலண்டன் ஜான் ஷெல்டனின் கைவேலை. 1769-இல் வெள்ளி கதிரவனைக் கடந்ததைக் காண டாகிட்டித் தீவுக்குச் சென்ற கேப்டன் குக் கொண்டு போனதும் ஷெல்டனின் கடிகாரமே. கூடத்தின் மணியைக் கொண்டு கோட்டையில் பீரங்கி வெடித்தனர். ஊரார் அதைக் கேட்டு மணி அறிந்தனர், கப்பலோரும் அறிந்தனர்.

அவ்வளவு பெரிய கல்லை நட்டும் பிழை வராமலிருந்ததா? வந்தது. டாப்பிங்குக்குப் பின் வந்த ஜான் கோல்டிங்காம், வியாழனின் துணைக்கோள்கள் மறைவதை நோக்கி, 1802-இல் சென்னையின் தீர்க்கரேகை கிரீனிச்சுக்குக் கிழக்கே 80 பாகை 18 கலை 30 விகலை என்று நிறுவினார். மணியில் சொன்னால் ஐந்து மணி 21 நிமிடம் 14 வினாடி. இன்றைய அளவையில் அவ்விடம் 80 பாகை 15 கலைக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு மணிக்கணக்கில் பதினைந்து வினாடி. நிலத்தில் ஆறரைக் கிலோமீட்டருக்கும் மேல். அவர் கணக்கை அப்படியே நம்பினால் நுங்கம்பாக்கம் வங்கக் கடலுக்குள் நிற்கும்! கோல்டிங்காமை நாம் பழிக்கவில்லை. அடுத்தடுத்து வந்தவர் அந்த எண்ணைத் திரும்பத் திரும்ப அளந்தார்கள், குறைத்துக்கொண்டே வந்தார்கள், 1870-களில் தந்திக் கம்பி வழியே ஊர்களின் கடிகாரங்களை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். எந்த ஆண்டில் எந்த எண் கொள்ளப்பட்டது என்பது ஏட்டில் இருந்ததால், பழைய படங்களை எரிக்க வேண்டியிருக்கவில்லை. அவற்றில் இத்தனை கலை குறைத்துக்கொள்க என்று குறிப்பு எழுதினாலே போதுமாயிற்று. எமது சரக்கு ஏட்டுக்குக் கிடைக்காத பேறு அது.

அந்தத் தூணைத் தொடக்கமாகக் கொண்டே இந்திய நாட்டின் அளவைப் படத்தின் தீர்க்கரேகைகள் எண்ணப்பட்டன. பரங்கிமலை அருகே 1802-இல் அடிக்கோடு அளந்த வில்லியம் லாம்டன், 1804-இல் பெங்களூரிலும் ஓர் அடிக்கோடு அளந்து, முக்கோணங்களை மங்களூர் வரை கொண்டு சென்றார். நாட்டின் அகலம் பழைய படங்களில் 400 மைல் என்றிருந்தது. அவர் அளந்தபோது 360 மைல்தான் வந்தது. நாற்பது மைல் நிலம் காணாமல் போனதாகக் கும்பினியார் வருந்தியிருப்பர். உண்மையில் அது ஒருபோதும் இருந்ததில்லை. தவறான தீர்க்கரேகையில் விளைந்த நிலம் அது.

அக்கூடத்து மனிதர்களில் ஒருவரை மறந்தால் நம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்வதற்கில்லை. சிந்தாமணி ரகுநாதாசாரியார் அங்கே இளமையில் சிறு பணியில் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்து, 1880-இல் மறையும்வரை இரவுகளை அத்தொலைநோக்கியருகே கழித்தவர். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் இலண்டன் அரச வானியற் கழகத்தில் உறுப்பினரானார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874-இல் வெள்ளி கதிரவனைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கத் தமிழிலும் பிற மொழிகளிலும் நூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துவரவில்லை என்று துணிந்து சொல்லி, கண்ணால் கண்ட நிலையைக் கொண்டு திருக்கணிதப் பஞ்சாங்கமும் கணித்தார். கடிகாரப் பிழையை ஒப்புக்கொள்வது எளிது. பஞ்சாங்கப் பிழையை ஒப்புக்கொள்ளச் செய்வது கடினம். அவருக்கு எதிர்ப்பு இல்லாமலா இருந்திருக்கும்?

கப்பலுக்காக வைத்த மணி, பின்னர்ப் புகைவண்டிக்குப் பயன்பட்டது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை வண்டி ஓடிற்று. 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை வந்தது. அக்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தன் உச்சிப்பொழுதையே பன்னிரண்டு மணி என்றது. சென்னையில் சரியாக வைத்த கடிகாரத்தோடு இங்கு வந்து இறங்கியவர் பத்தரை நிமிடம் முந்தியிருப்பார். ஒரே பாதையில் எதிரெதிரே வண்டி விடும் நிலையத் தலைவர்களுக்குள் பத்து நிமிடம் மாறுபட்டால் என்ன நேரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. எனவே சென்னை மணியையே நாடெங்கும் இரயில்வே மணியாகக் கொள்வது என்று 1870-இல் வழக்கமாயிற்று. பம்பாய் மணிக்கு அது ஏறத்தாழ அரை மணி முந்தியது. கல்கத்தா மணிக்கு அரை மணிக்குச் சிறிது மேலாகப் பிந்தியது. இரு பெருநகரங்களுக்கும் நடுவே நின்றதால் சென்னைக்கு இச்சிறப்பு. முப்பத்தைந்து ஆண்டுகள் இலாகூரிலும் கல்கத்தாவிலும் வண்டிகள் நுங்கம்பாக்கத்து ஊசலுக்கு ஆடின. 1905-இல் இருப்புப்பாதைகளுக்கும், 1906 சனவரி முதல் நாளில் பொதுவாகவும், கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்திய நிலைமணி வந்தது. பம்பாய்க்காரர் மட்டும் 1955 வரை தம் மணியை விடவில்லை என்பது வேறு கதை.

அந்நாளில் வானாய்வுக்கூடமும் இடம் பெயர்ந்தது. 1899-இல் கொடைக்கானல் மலைக்கு ஏறிற்று. ஷெல்டன் கடிகாரம் அங்கேதான் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1971-இல் அதுவே இந்திய வானியற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாயிற்று. அதன் தலைமையகம் இன்று எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் கோரமங்கலாவில்! சென்னையில் பிறந்து, மலையில் வளர்ந்து, பிழைப்புக்குப் பெங்களூர் வந்து நிலைத்த குடும்பம் அதுவும். நம் சங்கத்தார் அந்நிறுவனத்தை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம். சந்தா ஒழுங்காக வரும்.

பெங்களூருக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு இதோடு நிற்கவில்லை. 1961-இல் எச்.எம்.டி. ஆலையில் ஜப்பானியரின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். எம் தந்தையாரின் மணிக்கட்டில் இருந்ததும் அதுவே. 2016-இல் கடிகாரப் பிரிவை மூடிவிட்டார்கள். நாளும் சாவி கொடுத்தால் இன்றும் அது எம்மிடம் ஓடுகிறது. நாளுக்குப் பன்னிரண்டு வினாடி பிந்தும்.

இனிக் காண்பது, நம் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பயலாளு என்னும் சிற்றூர். 2013-இல் அங்கே இஸ்ரோவின் வழிநடத்து மையம் திறக்கப்பட்டது. நாவிக் எனப் பெயரிட்ட நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள்களுக்கு மணி சொல்லும் இடங்களில் ஒன்று அது. அங்குள்ள கடிகாரங்களில் ஊசலும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. சீசியம், ஹைட்ரஜன் ஆகியவற்றின் அணுக்களே ஊசலாகின்றன. 1967 முதல் வினாடி என்பதற்கு உலகம் கொண்ட இலக்கணமே, சீசியம் அணுவின் ஒரு குறித்த கதிர்வீச்சு 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அலையும் நேரம் என்பதாகும்.

செயற்கைக்கோள் வழிகாட்டும் முறையும் பழைய கப்பற் கணக்கின் பேரனே. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள கோள், "இப்பொழுது மணி இன்னது, யாம் இருக்கும் இடம் இன்னது" என்று ஓயாது கூவிக்கொண்டிருக்கிறது. அக்குரல் நம்மை அடைய ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து கோள் எவ்வளவு தொலைவு என்பது தெரியும். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் நம் இடம் தெரிந்துவிட வேண்டும். பின் ஏன் நான்கு கோள் வேண்டும் என்கிறார்கள்? நம் கையிலுள்ள கருவியின் கடிகாரம் மலிவானது. அதன் பிழை எவ்வளவு என்று கண்டுபிடிக்கவே நான்காவது. இதைப் படித்த அன்று நாம் அடைந்த மகிழ்ச்சியை உங்களுக்கு எப்படிச் சொல்வது! மேலும், கோளிலுள்ள அணுக் கடிகாரமும் விலகத்தான் செய்கிறது. தரையிலுள்ள நிலையங்கள் அதன் விலகலை அளந்து மேலே அனுப்புகின்றன. கோளானது தன் மணியோடு தன் பிழையையும் சேர்த்தே அறிவிக்கிறது. ஹாரிசன் காலத்து ஓட்ட வீதம் இன்று விண்ணிலிருந்து ஒலிபரப்பாகிறது.

இங்கும் பிழையின் விலையைப் பாருங்கள். கப்பலில் ஒரு வினாடிக்கு 450 மீட்டர் என்றோம். இங்கே ஒரு வினாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே 300 மீட்டர் போய்விடும். ஆகவே கடிகாரம் நின்றால் கோள் உயிரோடிருந்தும் வழிகாட்டப் பயனில்லை. அதுவே நேர்ந்தது. 2013-இல் ஏவிய முதற்கோளில் இருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் 2016-இல் பழுதாயின. அவை வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய கோள், மூடிய கவசம் கழலாமல் வீணாயிற்று. 2018 ஏப்பிரலில் மற்றொன்று சென்று அமர்ந்தது. வேறு சில கோள்களின் கடிகாரங்களும் அடுத்தடுத்துக் கெட்டன. மரப்பெட்டியிலிருந்த காலமானி கெட்டால் அடுத்த துறையில் இறக்கிப் பழுது பார்க்கலாம். அங்கே யார் ஏறிப் பார்ப்பது? அகமதாபாத்திலுள்ள இஸ்ரோ மையத்தார் தாமே ருபீடியம் கடிகாரம் செய்ய முனைந்தனர். 2023 மே 29-ஆம் நாள் ஏவிய என்.வி.எஸ். 1 என்னும் கோளில் நம் நாட்டுக் கடிகாரம் முதன்முதலாக ஏறிச் சென்றது. 2025 சனவரியில் அதன் தம்பி சிறீகரிக்கோட்டையின் நூறாவது ஏவுதலில் புறப்பட்டும், தன் பாதையை அடைய இயலாது போயிற்று. வெற்றியை மட்டும் பேசிவிட்டு இதை மறைத்தால் நாமும் முள்ளைத் திருப்பியவர் ஆவோம்.

இவையெல்லாம் அறிஞர் கவலை என்று எண்ண வேண்டா. எம் மனைவியின் தம்பி நாகையில் விசைப்படகு ஓட்டுகிறார். பாக் நீரிணையில் நம் கடலுக்கும் இலங்கைக் கடலுக்கும் இடையே 1974-இல் எல்லை வகுத்தார்கள். மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் 1976-இல் வகுத்தார்கள். நீரில் கல் நட முடியுமா? வேலிதான் போட முடியுமா? அந்த எல்லை என்பது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின் வரிசை மட்டுமே. இருளில் அதைத் தாண்டினால் படகும் போகும். ஆளும் சிறைக்குப் போவார். ஒரு மார்கழி இரவில் அவருடைய ஜி.பி.எஸ். பெட்டியின் அலைவாங்கிக் கம்பி அறுந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி, நங்கூரம் பாய்ச்சி, ஐந்து பேரும் விடியும் வரை விழித்திருந்தார்கள். "துருவ மீன் கண்ணெதிரே தெரிகிறது மச்சான். ஆனால் கிழக்கே எவ்வளவு வந்துவிட்டோம் என்று தெரியவில்லை. நிற்கிற கடல் நம் கடல்தானா என்பதே தெரியவில்லை" என்று பின்னர் எம்மிடம் சொன்னார். இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய மாலுமியின் துன்பத்தை அவர் ஓர் இரவு முழுதும் அனுபவித்திருக்கிறார். விடிந்தபின் வேறொரு படகு வந்து வழி காட்டிற்று.

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர் பலர் கரை திரும்பவில்லை. ஆழ்கடலில் இருந்தவர்க்கு எச்சரிக்கை எட்டாமற் போனது பெருங்கேடாயிற்று. கைப்பேசிக் கோபுரம் எட்டாத தொலைவிலும் எச்சரிக்கையைக் கோள் வழியே பெறும் கருவிகளைப் பின்னர் மீனவருக்கெனச் செய்தார்கள். இடத்தைச் சொல்லும் கோளே செய்தியையும் சொல்லட்டும் என்பது ஏற்பாடு. எல்லாப் படகிலும் அது சேர வேண்டும் என்பது எம் மைத்துனரின் வேண்டுகோள், எமதும் அதுவே.

எமது அலுவலகத்து நிலை இன்று மாறிவிட்டது. இஸ்ரோவின் துணையோடு அமைத்த கருவிகள் எஞ்சின்களில் இருந்துகொண்டு, வண்டி இருக்கும் இடத்தையும் மணியையும் தாமே அனுப்புகின்றன. ஆயினும் பழைய சுவர்க் கடிகாரத்தை நாம் கழற்ற விடவில்லை. அதன் அடியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. திங்கட்கிழமைதோறும் காலையில், டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்து மணியோடு ஒப்பிட்டு, இத்தனை வினாடி என்று எழுதுகிறோம். முள்ளில் கை வைக்க யாருக்கும் அனுமதி இல்லை. அவ்வணிகர் இன்றும் வருவார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திடுவார். சென்ற திங்களன்று எழுதியது: வேகம், 41 வினாடி, முந்திய வாரத்துக்கு மேல் 9.

இம்மன்றத்துக் கடிகாரத்தைச் செயலாளர் பார்க்கிறார். உள்ளே நுழைந்தபோதே நாம் அதைப் பார்த்துவிட்டோம். மூன்று நிமிடம் வேகம். அந்த மூன்று நிமிடத்தையும் அடுத்துப் பேசவிருக்கும் அம்மையாருக்கே விட்டுவிடுகிறோம்.